பதினெட்டு நாள் குறைவு

1996 ஜூன் மாதம் பள்ளி திறந்து ஐந்தாவது வேலை நாள். மாலை மணி அடித்ததும் பொன்னம்மை டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு ஆரியசாலைப் பக்கம் நடந்தார். எட்டாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் பதினாலு பெண்கள்தான் சேர்ந்திருந்தார்கள். மறுநாள், ஆறாவது வேலை நாளில், கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து தலை எண்ணுவார்கள். பதினைந்து பேர் இல்லையென்றால் டிவிஷன் ரத்தாகிவிடும். போன டிவிஷன் திரும்பி வந்ததாகத் திருவனந்தபுரத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கடந்த நான்கு மாலைகளில் டீச்சர் சாலைக் கடைத்தெருவையும் அதை ஒட்டிய சந்துகளையும் சல்லடை போட்டுச் சலித்திருந்தார். மளிகைக் கடைக்காரர்களின் பெண்கள் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போயிருந்தார்கள். மூட்டை சுமக்கும் சுமட்டுத் தொழிலாளிகளின் பெண்கள் வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். கிடைத்தது இரண்டு பேர். இன்னும் ஒருத்தி வேண்டும்.

வெங்காயக் குடோனுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது இருக்கும். ஒரு கையால் துணியைப் பிழிந்து உதறிக் கயிற்றில் போடும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது.

"பேரென்ன மக்களே?"

"பூமாரி."

"எத்தனாம் கிளாஸ் படிக்க?"

"ஏழு பாஸாயாச்சு. இனி இவனத்தான் படிக்கணும்" என்று தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே படிக்கல்லில் உட்கார்ந்து அவள் அம்மாவுக்காகக் காத்திருந்தார். அம்மா பொன்செல்வி ஒரு ஹோட்டலில் மாவாட்டும் வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் வந்தாள். அப்பா கொல்லத்தில் ஒரு சமையல்காரரிடம் கையாள். மாசத்துக்கு ஒரு தடவை வருவார்.

"படிக்க வைக்கதுக்கு ஆசை இல்லாமலா டீச்சர்? நான் வேலைக்குப் போனா இந்தப் பயல யாரு பாப்பா?" என்றாள் பொன்செல்வி.

"தம்பியையும் கூட்டிட்டு வரட்டும். காம்பவுண்டுக்குள்ளயே சிஸ்டர்மார் பாலவாடி நடத்துதாங்க. நான் பேசிக்கிடுதேன்."

அவர் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் மடத்து வாசலில் நின்று தலைமையாசிரியை சிஸ்டர் பெனடிக்டாவிடம் சொன்னார். சிஸ்டர் பாலா என்ற ஊரிலிருந்து வந்த மலையாளி, ஆனாலும் இருபது வருடம் சாலைப் பெண்களோடு பழகியதில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"குழந்தைய பாலவாடில விடட்டும் டீச்சரே. அதுல எந்தா பிரச்னம்? எனக்கும் அந்த டிவிஷன் நிக்கணும்னுதான்."

பூமாரி ஈரத் தலையோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிகாரி விரல் நீட்டி எண்ணினார். பதினைந்து. அதே நேரத்தில் பாலவாடியிலிருந்து அவள் தம்பி போட்ட கூச்சல் சுவரைத் தாண்டி வந்தது. "அது யாரு, பதினாறாவது ஆளா?" என்று அதிகாரி கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிஸ்டர் பெனடிக்டா பாலவாடிக்குப் போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அன்று காலை முழுவதும் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

செயின்ட் மோனிக்கா பெண்கள் பள்ளியில் பொன்னம்மை டீச்சரும் படித்தவர்தான். பூதப்பாண்டியிலிருந்து கணக்கெழுத வந்த வேளாளரின் மகள். படித்த பள்ளியிலேயே தமிழ் டிவிஷனுக்கு டீச்சராக வந்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அவர் படித்த நாளில் வகுப்புக்கு இரண்டு தமிழ் டிவிஷன். இப்போது எல்லாம் சேர்த்து மூன்று அறைகள், மாதா சிலை இருந்த கெபிக்குப் பக்கத்திலுள்ள பழைய ஓட்டுக் கட்டடத்தில். முன்பக்கம் இங்கிலீஷ் மீடியத்துக்காகக் கட்டிய புதுக் கட்டடம் ரோட்டைப் பார்த்து நின்றது.

பூமாரிக்குக் கணக்கு நன்றாக வந்தது. கரும்பலகையில் டீச்சர் ஒரு வழியில் போட்டால் அவள் நோட்டில் இன்னொரு வழியில் போட்டு வைத்திருப்பாள். இங்கிலீஷ்தான் தகராறு. மத்தியானம் சோற்றுத் தூக்கோடு பாலவாடிக்கு ஓடித் தம்பிக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் தின்று, மணி அடிக்கும்போது மூச்சிரைக்க வந்து நிற்பாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசினால் அந்தக் குறும்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் ஆபீஸ் அறையில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டிக் கேட்டாள். "இந்த மதருக்குத் தமிழ் தெரியுமா டீச்சர்?"

டீச்சர் அந்தக் கதையைச் சொன்னார். படத்தில் இருப்பவர் மதர் ஒடீலியா, பெல்ஜியத்திலிருந்து கப்பலில் வந்தவர். 1926இல் ஆரியசாலையில் ஒரு கொப்பரைக் குடோனை வாடகைக்குப் பிடித்துப் பதினோரு பெண்களோடு பள்ளியை ஆரம்பித்தார். பதினோரு பேரும் தமிழ்ப் பெண்கள். வியாபாரிகளின் மகள்கள் நாலு பேர், மூட்டை தூக்குகிறவர்களின் மகள்கள் ஏழு பேர். மதர் ஒரு எண்ணெய்ச் செட்டியாரின் மனைவியிடம் தமிழ் படித்தார். மலையாளம் வந்தது பத்து வருடம் கழித்து. இங்கிலீஷ் மீடியம் வந்தது நேற்று முந்தாநாள்.

"அப்ப நம்ம டிவிஷன்தான் எல்லாத்துக்கும் மூத்தது?"

"ஆமா."

"பொறவு ஏன் நம்ம ரூம் மட்டும் ஒழுகுது?"

அடுத்த ஜூனில் எட்டாம் வகுப்புத் தமிழுக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். டிவிஷன் போயிற்று. பூமாரியின் வகுப்புக்குப் பின்னால் இனி யாரும் இல்லை என்று ஆனது.

அந்த வருடம் நவம்பரில் பொன்செல்வி இருமி இருமி இரத்தம் துப்பினாள். நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட இருக்க வேறு ஆள் இல்லாததால் ஒன்பதாம் வகுப்புப் பூமாரி படுக்கைக்குக் கீழே பாய் விரித்து இருந்தாள். பகலில் அப்பாவின் தங்கை வந்து உட்கார்ந்தால் பள்ளிக்கு வருவாள். அத்தை வராத நாட்களில் இவளும் வரமாட்டாள். பிப்ரவரியில் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒழுங்காக வரத் தொடங்கினாள். கூட்டுக்காரிகளின் நோட்டுகளை வாங்கி எழுதி முடித்தாள். ஆண்டுத் தேர்வில் கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. இங்கிலீஷில் மூன்று மார்க் குறைவு. வருகையில் பதினெட்டு நாள் குறைவு.

இதொன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினால் வருகைக் குறைவை மன்னித்துவிடுவார்கள். மூன்று மார்க்கை வகுப்பாசிரியை என்ற முறையில் டீச்சரே சரிசெய்யலாம்; எல்லா வருடமும் செய்வதுதான். பொன்னம்மை டீச்சர் விண்ணப்பத்தை எழுதி, சீட்டைக் குண்டூசியால் குத்தி, தேர்ச்சிப் பட்டியலோடு சிஸ்டரின் அறைக்குக் கொண்டுபோனார்.

சிஸ்டர் பெனடிக்டா விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"டீச்சரே, ப்ளஸ் டூ தொடங்க எழுதிப் போட்டிருக்கோம். அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.க்கு நூறு சதமானம் பாஸ் காட்டினாத்தான் கிட்டும்னு எல்லாரும் பறயுறாங்க. இங்கிலீஷ் மீடியம் ஜெயிக்கும். மலையாளமும் ஜெயிக்கும். உங்க டிவிஷன்ல பதினாலு பேர் எழுதினா பதினாலும் பாஸாகும். பதினஞ்சு பேர் எழுதினா?"

"பூமாரி புத்தியுள்ள குட்டி சிஸ்டர். வீட்டுலதான் கஷ்டம். நான் சாயங்காலம் இருத்திச் சொல்லிக்கொடுக்கேன்."

"எனக்குத் தெரியும். ஆனா அவளோட அம்மைக்கு திரும்பவும் தீனம் வந்தா? ஜனவரில வந்தா? ஒரு குட்டிக்காக அறுநூறு குட்டிகளோட ப்ளஸ் டூ போகணுமா?" சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் அவளப் புறத்தாக்கச் சொல்லல. மலையாளம் மீடியத்துல ஒன்பது இன்னொரு தடவை படிக்கட்டும்."

"அவ மலையாளம் பேசுவா. பாடம் எழுத வராது சிஸ்டர்."

சிஸ்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். வேறு குரலில் கேட்டார். "ஸாருக்கு இப்ப எங்ஙனே உண்டு?"

டீச்சரின் கணவர் முந்தைய ஆகஸ்டில் பக்கவாதம் வந்து படுத்தவர். "வலப்பக்கம் இன்னும் வரல. பெரட்டிப் போடவும் ஆள் வேணும்."

"வித்துராவுல ஒரு ஸ்கூல்ல தமிழ் போஸ்ட் காலியா உண்டு. இங்க டிவிஷன் முடிஞ்சா உங்கள அங்க அனுப்பணும்னு ஆபீஸ்லருந்து விளிச்சாங்க. நான் விடமாட்டேன்னு சொல்லியிருக்கேன். இரண்டாம் பாஷைக்கு ஒரு டீச்சர் வேணும்னு சொல்லிப் பிடிச்சு நிறுத்தலாம். ஸ்கூலுக்கு நல்ல பேர் இருந்தா நான் கேக்கிறது நடக்கும் அல்லே?"

வித்துராவுக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கரமனை வீட்டில் கணவர் காலையிலிருந்து இரவுவரை நனைந்த துணியில் கிடப்பார். டீச்சர் மேஜைமேல் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சிஸ்டர் எதையும் கேட்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. டீச்சர்தான் விண்ணப்பத்தை எடுத்து இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பட்டியலில் பதினைந்தாவது பெயருக்கு எதிரே 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அறையை விட்டு வெளியே வந்தபோது அவருக்கு அழுகை அடங்கவில்லை. வராந்தாவில் தூணுக்குப் பக்கத்தில் பூமாரி தம்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சிஸ்டர் சம்மதிக்கலயா டீச்சர்?"

டீச்சர் இல்லை என்பதுபோல் தலையாட்டினார்.

"நீங்க எவ்ளோ சொல்லியிருப்பீங்க" என்றாள் பூமாரி. பிறகு தன் தாவணி முனையை நீட்டினாள். "அழாதீங்க டீச்சர். எல்லாரும் பாக்காவ. எனக்கு ஒண்ணுமில்ல."

டீச்சர் அந்தத் தாவணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூனில் பூமாரி மலையாள மீடியம் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். தன்னைவிடச் சின்னப் பெண்கள். கடையில், தெருவில், பஸ்ஸில் தண்ணீர்போலப் பேசிய மலையாளம் வரலாற்றுப் புத்தகத்தில் வேறு ஏதோ பாஷையாக இருந்தது. கணக்கு டீச்சர் கேட்டதற்குச் சரியான விடையைத் தமிழில் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்ததாகப் பொன்னம்மை டீச்சர் கேள்விப்பட்டார். மூன்று வாரம் வந்தாள். நாலாவது வாரம் வரவில்லை. தம்பியும் பாலவாடிக்கு வருவது நின்றது. இன்றைக்குப் போய்ப் பார்க்கலாம், நாளைக்குப் போகலாம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டே இருந்தார். எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல் போகவே இல்லை.

1999இல் தமிழ் டிவிஷனில் பதினாலு பேர் எழுதிப் பதினாலு பேரும் பாஸானார்கள். பள்ளிக்கு நூறு சதவீதம். பத்திரிகையில் சிஸ்டரின் படம் வந்தது. ப்ளஸ் டூ கிடைத்தது. கெபிக்குப் பக்கத்து ஓட்டுக் கட்டடத்தை இடித்து மூன்று மாடி எழுப்பினார்கள். முதல் மாடியில் கம்ப்யூட்டர் லேப், மேலே அறிவியல் கூடங்கள். விழிஞ்ஞத்திலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் பெண்கள் அட்மிஷனுக்கு வரிசையில் நின்றார்கள். டீச்சர் வித்துராவுக்குப் போகவில்லை. நூலகத்தின் மூலையில் ஒரு மேஜை போட்டு, இரண்டாம் பாடமாகத் தமிழ் எடுத்த ஒன்பது பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2000 டிசம்பரில் அவர் கணவர் இறந்துபோனார்.

அடுத்த வருடம் பள்ளிக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. மலர் போட முடிவுசெய்தார்கள். தமிழ்ப் பிரிவின் வரலாற்றை எழுத வேண்டும் என்று சிஸ்டர் டீச்சரிடமே சொன்னார். பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர்களை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு இரண்டு வாரம் எழுதினார். 1926இன் பதினோரு பெயர்களையும் பார்த்து எழுதினார். கடைசி ரிஜிஸ்டரில் கடைசித் தமிழ் அட்மிஷன் 'பூமாரி' என்று இருந்தது, அவர் கையெழுத்திலேயே. அதற்குமேல் எழுத ஓடவில்லை. அன்று சாயங்காலம் ஆரியசாலைக்குப் போனார்.

வெங்காயக் குடோன் மாறவில்லை. பொன்செல்வி வாசலில் உட்கார்ந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்காகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் இருமல் இல்லை. டீச்சரைக் கண்டதும் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"உங்கள மறப்போமா டீச்சர்? எம்புள்ளைக்காக அந்த சிஸ்டர்கிட்ட மல்லுக்கு நின்னு அழுதீங்களே. இப்பவும் சொல்லுவா. நம்ம வீட்டாளு மாதிரி அழுதாகம்மான்னு சொல்லுவா."

டீச்சருக்கு அங்கே உட்கார முடியவில்லை. பூமாரி எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டுக்கொண்டு எழுந்தார்.

கிழக்கே கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடை. மறுநாள் மத்தியானம் டீச்சர் போனபோது பூமாரி இரண்டாம் மாடியில் நீல யூனிஃபார்ம் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். உட்கார அங்கே ஸ்டூல் எதுவும் இல்லை. "எந்தா வேண்டே மேடம்?" என்று திரும்பியவள் டீச்சரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம். பின்பக்க மாடிப்படியில் கொண்டுபோய் உட்கார வைத்து, தன் டப்பாவைத் திறந்து பாதி எலுமிச்சஞ்சாதத்தை மூடியில் எடுத்து வைத்தாள்.

"ஸார் போயிட்டாங்கன்னு கேட்டேன். வரணும்னு நெனச்சேன் டீச்சர். லீவு கிடைக்கல."

டீச்சர் சாப்பாட்டைத் தொடவில்லை. "மக்களே, ஒரு காரியம் சொல்லணும்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். விண்ணப்பம் எழுதியதை, அதை மடித்துக் கைப்பையில் வைத்ததை, வித்துராவை, கையெழுத்தை. சிஸ்டர் தன்னை வற்புறுத்தவில்லை என்பதையும் சொன்னார்.

பூமாரி டப்பாவைத் தள்ளிவைத்தாள். கீழே லாரியிலிருந்து துணிப் பொதி இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு எதுக்கு அழுதீங்க?"

"வெக்கத்துல அழுதேன்."

"நான் வேற நெனச்சேன்."

"தெரியும். உங்கம்மா சொன்னாங்க. அதான் சொல்லாம இருக்க முடியல."

"உங்களுக்கு முடியல, சரி." அவள் குரல் உயரவில்லை. "காலைல ஒம்பதுக்கு நிக்க ஆரம்பிச்சா ராத்திரி எட்டரை வரை நிக்கணும் டீச்சர். கால் வீங்கிரும். எட்டாம் கிளாஸ்ல எங்கூட இருந்த பிள்ளைங்க புருசன் கூட வந்து புடவை எடுக்கும். அப்பல்லாம் நெனப்பேன், படிப்பு போனாலும் எனக்காக ஒரு ஆளு சண்டை போட்டு அழுதாங்கன்னு. எங்கப்பாகூட எனக்காக யாருகிட்டயும் பேசுனதில்ல. அது ஒண்ணுதான் வச்சிருந்தேன். அதையும் வாங்கிட்டுப் போறதுக்கா வந்தீங்க?"

"பிரைவேட்டா பத்தாவது எழுதலாம் பூமாரி. நான் வந்து சொல்லித்தாரேன். தினமும் வாரேன்" என்றார்.

"வேண்டாம் டீச்சர்."

"என் மேலுள்ள கோவத்துல படிப்ப விடாத."

"கோவம்லாம் இல்ல. உங்க வீட்டுக் கஷ்டம் எனக்கும் புரியுது. எங்கம்மாவுக்குப் பாய் விரிச்சுக் கிடந்தவதான நானும்?" எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "ஆனா நீங்க இனி வராண்டாம். நேரமாச்சு, சூப்பர்வைசர் தேடுவாரு."

மூடியில் வைத்த சாதத்தைத் திரும்ப டப்பாவில் கொட்டிக்கொண்டு படியேறிப் போனாள்.

டீச்சர் மலருக்கான கட்டுரையை முடித்தார். கடைசிப் பத்தியில், 1998இல் தேர்ச்சி விகிதத்துக்காக ஒரு மாணவி நிறுத்திவைக்கப்பட்டதையும், அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டது தான் என்பதையும் எழுதினார். பெயரை எழுதவில்லை. சிஸ்டர் பெனடிக்டா கட்டுரையோடு நூலகத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"இது ஜூபிலி புஸ்தகம் டீச்சரே. பாவத்தச் சொல்ற கும்பசாரக் கூடு இல்ல."

"நடந்ததத்தான் எழுதியிருக்கேன்."

"நடக்கலன்னு நான் சொல்லல." சிஸ்டர் தாள்களின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. "அந்தக் குட்டியோட தம்பிய நான் தோள்ல போட்டு நடந்திருக்கேன். அவ போயி ஒரு மாசம் கழிஞ்சுதான் பாலவாடில அவன் இல்லன்னே எனக்குத் தெரிஞ்சது." பேனாவை எடுத்து அந்தப் பத்தியைத் தானே அடித்தார். மலரில், மாணவியர் எண்ணிக்கை குறைந்ததால் 1999இல் தமிழ்ப் பிரிவு நிறைவுற்றது என்று வந்தது. வழவழப்பான தாள். பதினோரு பெயர்களும் இருந்தன. பூமாரியின் பெயர் இல்லை.

2003 மார்ச்சில் பொன்னம்மை டீச்சர் ஓய்வுபெற்றார். ஜூனில் பென்ஷன் காகிதங்களுக்காகப் பள்ளி ஆபீசுக்கு வந்தபோது கிளார்க் நீலகண்டன் அவரை உட்காரச் சொல்லிவிட்டு அலமாரியைத் துழாவினார். மேஜைமேல் அந்த வருடம் பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களின் பட்டியல் கிடந்தது. பள்ளி அவர்களுக்கும் தேர்வு மையமாக இருந்தது. தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளில் டீச்சர் ஒரு பெயரைப் படித்தார்.

"இந்தப் பூமாரி யாரு?"

நீலகண்டன் தயங்கினார். "நம்ம பழைய பிள்ளைதான். ஜவுளிக்கடையில நிக்கா. மலையாளத்துலயே எழுதினா டீச்சர். ராத்திரி ஏதோ டியூட்டோரியலுக்குப் போயி படிச்சாளாம். பாஸாயிட்டா. போன வாரம் மார்க்கு புக்கு வாங்கிட்டுப் போனா."

டீச்சர் பட்டியலைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தார். போன ஜனவரியில் பள்ளிச் சான்றிதழ் வாங்க அவள் இரண்டு தடவை இதே ஆபீசுக்கு வந்திருப்பாள். டீச்சர் அப்போது இருந்த நூலகம் இங்கிருந்து நாலு அறை தள்ளித்தான்.

"எங்கிட்ட நீர் ஒண்ணும் சொல்லலியே."

"உங்ககிட்ட சொல்லாண்டாம்னு சொன்னா. ஏன்னு கேட்டேன். சும்மாதான்னா."

"வேற எதாவது கேட்டாளா?"

"இல்ல டீச்சர்."

நீலகண்டன் காகிதங்களைக் கண்டுபிடித்து எடுத்து வைத்தார். டீச்சர் கண்ணாடியைத் தேடினார். கையில்தான் இருந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி எழுந்து, வராந்தாவில் மழைக்கு ஒதுங்கி நின்ற பெண்களுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தப் பெண்களில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை.